மருத்துவ ஆராய்ச்சியும் நம் இல்லத்துப் பிள்ளைகளும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



பிழைப்பை நாடிக் கசார்வாடிக்கு வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், அறிவியல் பயிலும் பிள்ளையிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: "டாக்டருக்குப் படிக்கப் போகிறாயா?" இடம் கிடைத்தால் மகிழ்கிறோம், கிடைக்காவிடில் பிள்ளையின் வாழ்வே முடிந்தது போல் வாடுகிறோம். நோயாளியின் நாடி பிடித்துப் பார்ப்பது ஒன்றே மருத்துவத் தொண்டு என நாம் எண்ணிவிட்டதே இதற்குக் காரணம். மருத்துவர் எழுதித் தரும் மருந்தை முதலில் கண்டறிந்தவர் யார்? நோயின் காரணத்தைத் தேடித் தெளிந்தவர் யார்? அவர்களும் மருத்துவத் தொண்டரே அல்லரோ? அவர்களை உருவாக்கும் பயிற்சியைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கசார்வாடிக்கு அடுத்த இரயில் நிலையம் பிம்பிரி. அங்கே 1954இல், உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் துணையோடு, இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பெனிசிலின் அங்கு உற்பத்தியாயிற்று. அத்தொழிற்சாலை மருந்து செய்வதோடு நில்லாமல், மருந்து தேடவும் செய்தது. திருமலாச்சார் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பிம்பிரி மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றினின்று பூஞ்சை நோய்களைத் தீர்க்கும் ஹாமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்து, 1961இல் உலகிற்கு அறிவித்தனர். அந்நுண்ணுயிரின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசஸ் பிம்பிரினா. நாள்தோறும் நாம் மிதித்து நடக்கும் மண்ணின் பெயர் அறிவியல் நூல்களில் ஏறியிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மண் எல்லார் கண்ணிலும் படுகிறது. அதில் மருந்தைக் காண்பதற்கோ பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

அக்கண் எவ்வாறு அமைகிறது என்பதற்கு எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்வு நல்ல விளக்கமாகும். 1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அங்கே முழு மருத்துவப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றிதழே கிட்டியது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின் 1922இல் அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் இரவுநேர ஏவல் வேலை செய்து வயிறு வளர்த்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். உயிர்வேதியியல் துறையில் பிஸ்கே என்பாருடன் சேர்ந்து, உடல்நீரில் உள்ள பாஸ்பரசின் அளவை நிறத்தைக் கொண்டு கணக்கிடும் முறையை 1925இல் வெளியிட்டார். அம்முறையே தசையினுள் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் காட்டித் தந்தது. உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யையும் 1929இல் அவர்கள் கண்டனர். இவ்வளவும் முடிந்த பின்னரே, 1930இல், அவருக்கு டாக்டர் பட்டம் வந்தது!

பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழுவினரின் உழைப்பால் போலிக் அமிலமும், யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டை எத்தில் கார்பமசைனும் மக்களுக்குக் கிடைத்தன. 1948இல் அவர் மறைந்தார். கருவுற்ற நம் பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் அவருடைய உழைப்பு இன்றும் இருக்கிறது.

இதனால், மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாதோர் ஒதுங்கும் சத்திரமே ஆராய்ச்சி என்று எவரும் எண்ணிவிடலாகாது. அது தனித்த ஒரு தவம். உடலியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் போன்ற அடிப்படை மருத்துவத் துறைகளில் சேரும் மாணவர் ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதனோடு வாழ வேண்டும். பத்து முறை செய்த சோதனை பத்து முறையும் பொய்த்தால், பதினொன்றாம் முறை ஏன் செய்கிறோம் என்று காரணம் சொல்லத் தெரிய வேண்டும். கண்டதைக் கண்டவாறே அன்றன்றைக்குக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தான் விரும்பிய முடிவு வரவில்லையெனில் அதனையும் மறைக்காமல் எழுத வேண்டும். புள்ளியியலும் ஆய்வு நெறியும் கற்க வேண்டும். அறிவோடு நேர்மையையும் பயிற்றுவதே இப்பயிற்சி.

இதற்குரிய நிலையங்கள் நம் அருகிலேயே உள்ளன. 1952இல் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகப் புனேயில் தோன்றி, 1978இல் தேசிய வைரஸ் இயல் நிறுவனம் எனப் பெயர் பெற்ற நிலையம், 1957இல் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சலின் வைரசைக் கண்டறிந்தது. 2020இல் கொரோனா வைரசைப் பிரித்து வளர்த்துக் கோவேக்சின் தடுப்பூசிக்கு அளித்ததும் அதுவே. பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரணு அறிவியல் மையம் இருக்கிறது. தாயகம் திரும்பிப் பயில விரும்புவோர்க்குச் சென்னைத் தரமணியில், இலட்சுமணசுவாமி முதலியார் பெயர் தாங்கிய அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது.

இனி, பெற்றோர் மனத்தில் எழும் கவலைகளுக்கு வருவோம். "எத்தனை ஆண்டு? எவ்வளவு வருவாய்?" என்பீர்கள். நியாயமான கேள்வியே. முதுநிலைப் பட்டத்திற்குப் பின் பிஎச்.டி.க்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகை பெற்றோர்க்கு, 2023 சனவரியில் உயர்த்தப்பட்டபடி, முதல் ஈராண்டு திங்கள்தோறும் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் வழங்கப்பெறும். "பெண் பிள்ளைக்குத் திருமணம் தள்ளிப் போகுமே" என்று தாய்மார்கள் அஞ்சுவர். 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், பெண்களுக்கு மேலும் ஈராண்டுக் கால நீட்டிப்பையும், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பையும் அளிக்கின்றன. படிப்பையும் குடும்பத்தையும் எதிரிகளாக நிறுத்த வேண்டுவதில்லை.

எனினும் இன்னல்களை மறைப்பது அறமாகாது. உதவித்தொகைக்குப் போட்டி மிகுதி. சில வேளை பணம் காலந்தாழ்ந்தும் வரும். பட்டம் பெற்றதும் வேலை வாயிலில் காத்திருப்பதில்லை. வழிகாட்டும் பேராசிரியர் நல்லவராய் அமைவது பெரும் பேறு. ஆகவே, சேருமுன் அந்த ஆய்வகத்தின் பழைய மாணவர்களைக் கண்டு, அவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தனர், இப்போது எங்குள்ளனர், கருத்து வேறுபாட்டைப் பேராசிரியர் எவ்வாறு ஏற்கிறார் என்று மூன்று கேள்விகளையேனும் கேட்டறிய வேண்டும். மணமகன் வீட்டைப் பற்றி அத்தனை விசாரிக்கும் நாம், பிள்ளை ஐந்தாண்டு வாழப் போகும் ஆய்வகத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாதா?

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஆண்டுக்கு ஒரு மாலையேனும், ஆராய்ச்சி பயிலும் நம்மவர் ஒருவரை அழைத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு உரையாடச் செய்வோம். பெற்றோரிடமும் ஒன்று கூறுவோம்: உங்கள் பிள்ளை "ஏன்?" என்று ஓயாது கேட்கிறான், கேட்கிறாள் எனில், அதனை அடக்கிவிடாதீர்கள். நாளை எங்கோ ஒரு நோயாளி பிழைப்பது அந்த "ஏன்?" என்னும் சொல்லாலேயே இருக்கலாம்.