குறிப்புக் கொப்பியும் நம் இளைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



 நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கொப்பியைப் பற்றியது. ஆயினும் அதன் பயன் சிறியதன்று. நம் இளைஞர் பலருடைய முயற்சிகள் இடைநடுவில் நின்றுபோவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. செய்வதாக எண்ணியதை மறப்பதும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைப்பதுமே காரணம். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டு, கடைசி மூன்று மாதத்தில் கண்விழித்துக் கலங்கும் பிள்ளைகளை எந்த வீட்டில்தான் நாம் காணவில்லை?

இக்குறையைப் போக்க உலகெங்கும் மாணவர் இப்போது கைக்கொள்ளும் ஒரு முறைக்கு ‘புல்லட் ஜேர்ணல்’ என்று பெயர். புல்லட் என்றவுடன் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். வரியின் முன்னே இடும் கரும்புள்ளியையே அச்சொல் இங்கே குறிக்கிறது. இம்முறையை வகுத்தவர் அமெரிக்கரான றைடர் கரோல். சிறு வயதிலேயே மனத்தை ஒரு பொருளில் நிறுத்த இயலாத குறைபாட்டினால் துன்புற்றவர் அவர். தமக்கென்று பல ஆண்டு முயன்று கண்ட வழியை 2013ஆம் ஆண்டில் உலகறிய வெளியிட்டார். 2018இல் நூலாகவும் எழுதினார்.

பெரியோர்களே, இது நமக்கு முற்றிலும் புதியதன்று. ஏடு எழுதத் தொடங்குமுன் பிள்ளையார் சுழி இட்டவர்கள் நம் முன்னோர். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று குறிகள் அமைத்துச் சுருங்க எழுதியவர்களும் அவர்களே. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை, 1736 செப்ரெம்பரில் தொடங்கி 1761 சனவரியில் தாம் இறக்கும் நாட்கள் வரை தமிழில் குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்ததையும், சரக்கு விற்றதையும், தர்பாரில் பேசியதையும் அவர் எழுதிவைத்தார். அவர் மறைந்து 85 ஆண்டு கழிந்தபின், 1846இல், அக்குறிப்புகள் வெளிப்பட்டன. பின்பு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்து சரித்திர ஆசிரியர்க்குப் பெருஞ் சான்றாயின. அன்றன்று எழுதியதனாலன்றோ அதற்கு அத்துணை மதிப்பு!

இனி, கொப்பியை அமைக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

விலையுயர்ந்த கொப்பி வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் சீஆர் கொப்பி ஒன்று போதும். கணிதத்துக்குரிய சதுரக் கோட்டுக் கொப்பியானால் அட்டவணை கீறுவதற்கு இன்னும் வசதி. முதலில் எல்லாப் பக்கங்களுக்கும் இலக்கம் இடுங்கள். முன்னுள்ள நான்கு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள். எதை எந்தப் பக்கத்தில் எழுதினாலும் அப்போதே அங்கே பதிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் கொப்பி நிரம்ப நிரம்பத் தேடும் வேலையே மிகும்.

அடுத்த நான்கு பக்கங்களில் வரப்போகும் ஆறு மாதங்களையும் பிரித்து எழுதுங்கள். பரீட்சைத் திகதி, விண்ணப்ப முடிவுத் திகதி, மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், வீட்டில் பெரும்போக விதைப்பு ஆகிய யாவும் அங்கே இடம்பெறட்டும். விதைப்புக்குத் தந்தைக்குத் துணை நிற்க வேண்டிய வாரத்தில் பத்துப் பாடம் படித்து முடிப்பதாக எழுதுவது பயனற்றது என்பது அப்பொழுதே விளங்கும். அதன்பின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் நாட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் அம்மாதத்து வேலைகள்.

பிறகு நாட்பக்கம். திகதியை இட்டு, வேலையானால் புள்ளி (•), நிகழ்ச்சியானால் வட்டம் (○), செய்தியானால் சிறு கோடு (–) இட்டு ஒரே வரியில் எழுதுங்கள். முடிந்த வேலையின் புள்ளிமேல் ‘×’ போடுங்கள். ‘படிக்க வேண்டும்’ என்று எழுதுவதிற் பயனில்லை. ‘இரசாயனவியல் 2015 வினாத்தாள், முதற் பகுதி’ என்று எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்பதில் அப்போது ஐயம் இராது.

இம்முறையின் உயிர்நிலை மாத முடிவில் இருக்கிறது. முடியாத வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுத்த மாதத்துக்கு வேண்டுமானால் ‘>’ குறியிட்டு மீண்டும் கையால் எழுத வேண்டும். வேண்டாததை ஒரு கோட்டால் வெட்டிவிட வேண்டும். கைத்தொலைபேசியில் தள்ளிவைப்பதற்கு ஒரு விரல் போதும். அதனால் அங்கே வேலைகள் ஓசையின்றிக் குவிகின்றன. மூன்று முறை ஒரே வரியைக் கையால் எழுதும்போது, இதை நான் செய்யப்போகிறேனா, அல்லது என்னையே ஏமாற்றுகிறேனா என்று மனம் தானாகவே கேட்கும். அக்கேள்விக்கு விடை கூறுவதுதான் இக்கொப்பியின் முழுப் பயன்.

அலங்காரத்தைப் பற்றி நம் சகோதரிகள் ஆவலோடு காத்திருப்பதை அறிவேன். அழகு வேண்டாம் என்று யான் கூறேன். வாசலிற் கோலமிடும் கை கொப்பியின் ஓரத்திலும் இழைக் கோலம் ஒன்று இடட்டும். ஆனால் சில விதிகள் உண்டு. எழுதியபின் அலங்கரியுங்கள், அலங்கரித்துவிட்டு எழுதக் காத்திராதீர்கள். இரண்டு நிறம் போதும்: பரீட்சைக்குச் சிவப்பு, வீட்டுக்குப் பச்சை என்று வைத்தால் நிறமே செய்தி சொல்லும். மெல்லிய தாளில் நிறமைப் பேனை மறுபக்கம் ஊறும். நிறப் பென்சிலே நல்லது. தலைப்பு எழுத்தைப் பெரிதாக எழுதி, அடிமட்டத்தால் கீழே இரட்டைக் கோடு இட்டாலே பக்கம் பொலிவு பெறும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் அலங்காரம் வேண்டாம். படத்துக்கு மணிக்கணக்காகவும் பாடத்துக்கு நிமிடக்கணக்காகவும் செலவிட்டால் கொப்பியே நமக்குப் பகையாகும்.

நம் கல்குடாப் பகுதிக்கென்று ஒரு வார்த்தை. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியிலும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையிலும் வீடுகளோடு கடதாசிகளும் போயின. சான்றிதழ்களை மறுபடி பெறுவதற்கு மக்கள் பட்ட பாட்டைப் பெரியோர் அறிவர். ஆகவே கொப்பிக்குப் பொலித்தீன் உறை போடுங்கள். கடைசிப் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ் இலக்கம், பரீட்சைச் சுட்டிலக்கம், உறவினர் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதி, அப்பக்கத்தைப் படமெடுத்து வேறோர் ஊரில் உள்ள உறவினரிடமும் கொடுத்துவையுங்கள். கொப்பியும் தொலைபேசியும் ஒன்றுக்கொன்று துணையாகட்டும்.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலை அதிபரின் மேசையில் சம்பவத்திரட்டுப் புத்தகம் இருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதுபோல நம் இளைஞர் பிரிவுக்கும் ஒரு பொதுக் கொப்பி வேண்டும். சிரமதானம், இலவச வகுப்பு, திருவிழாத் தொண்டு என்று கூட்டத்தில் கைதூக்கி ஏற்ற பணி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அருகில் ஏற்றவர் பெயர். அடுத்த கூட்டத்தில் ‘×’ அல்லது ‘>’. மாதந்தோறும் அதனை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். ஒருவரை நாணச் செய்வதற்காக அன்று. தனியொருவரால் இயலாத பணிக்கு இன்னொருவர் கைகொடுப்பதற்காகவே.

ஒரு காலத்தில் நம் அயலிலுள்ள வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வைக்கோலிலிருந்து கடதாசி செய்தார்கள். அறுவடைக்குப்பின் எஞ்சிய வைக்கோலும் பிள்ளைகள் எழுதும் தாளாயிற்று. நம் நாட்களில் எஞ்சிக் கிடக்கும் சிறு சிறு பொழுதுகளும் அவ்வாறே பயனுள்ளவை ஆகட்டும். நாளைக்கே தொடங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வீட்டில் பாதி எழுதிய கொப்பி ஒன்று கட்டாயம் கிடக்கும். இன்றிரவே அதில் முதற் புள்ளியை இடுங்கள்.