பஞ்சாங்கத்தில் ஆரம்பித்த ஐரோப்பிய கார் பயணம்
(ஹைதராபாத் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2025 ஜூனில் நாங்கள் ஐந்து நாடுகளைக் காரிலேயே சுற்றி வந்தோம். "அது எப்படி ஓய், உம்ம வயசில்?" என்று ஸ்கந்தகிரி கோயில் வாசலில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, சபையில் ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று செயலாளர் பணித்தார். ஊர்களின் அழகைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஏற்பாடு செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

நீண்ட பயணத்திற்குத் திட்டமிடுவது நமக்குப் புதிதல்ல. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் ஏறக்குறைய நூறு பேரோடு புறப்பட்டு, நம் ஹைதராபாத் வழியாகக் காசிக்குப் போய், 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் வழியில் எழுதிய குறிப்புகள் 1838ல் தெலுங்கில் புத்தகமாக வந்தன. நம் காலத்தில், 2017ல், கோவையிலிருந்து பெண்கள் குழு ஒன்று லண்டன் வரை காரிலேயே போயிற்று. அவர்களோடு ஒப்பிட்டால் எங்களுடையது வெறும் கோயில் பிரதட்சிணம்!

முதலில் நாங்கள் எடுத்தது வரைபடம் அல்ல, பஞ்சாங்கம். என் தகப்பனார் திதி வைகாசியில். அதை முடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அதனால் ஜூன் என்று தீர்மானமாயிற்று. அது நல்லதாகவே அமைந்தது. ஆல்ப்ஸ் மலையின் உயரமான கணவாய்கள் சில மே மாதம் வரை பனியால் மூடியிருக்கும். ஜூனில் திறந்துவிடும். அதோடு அங்கே ஜூனில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் முனிக்கில் இருக்கிறார்கள். அங்கே காரை எடுத்து அங்கேயே விடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் வாடகைக்கு மேல் பெரிய தொகை கேட்பார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லொவேனியா, குரோஷியாவில் துப்ரோவ்னிக் வரை. திரும்பும்போது வெனிஸ், இன்ஸ்ப்ருக் வழி. சுமார் 2,500 கிலோமீட்டர், 16 இரவுகள்.

அடுத்தது விசா. இறங்குவது ஜெர்மனி, அதனால் ஜெர்மன் விசா என்று நான் நினைத்திருந்தேன். தவறு. அதிக நாள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டில்தான் மனுச் செய்ய வேண்டும். சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு ஜெர்மனியில் நான்கு இரவு, குரோஷியாவில் ஏழு. ஆகவே குரோஷியா. ஆறு மாதம் முன்பிருந்தே மனுக் கொடுக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஷெங்கன் வட்டத்தில் 2025 ஜனவரி முதல் பல்கேரியா, ருமேனியா முழுமையாகச் சேர்ந்து 29 நாடுகள். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் போஸ்னியா அதில் கிடையாது. ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் போகும் பழைய கடற்கரைச் சாலை, நெயும் என்ற இடத்தில் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வரும். ஒரே ஒரு தடவை நுழைய மட்டும் விசா உள்ளவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். வரைபடத்தில் எல்லைக் கோட்டையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

சுங்கம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் காருக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியா, ஸ்லொவேனியாவில் இத்தனை நாளுக்கு என்று முன்பணம் கட்ட வேண்டும். அதற்கு மேல் பிரென்னர் கணவாய்ச் சாலைக்கும் சில சுரங்கங்களுக்கும் தனிக் கட்டணம். குரோஷியா, இத்தாலியில் நம் ஊர் டோல்கேட் மாதிரி. இத்தாலியில் பழைய நகரப் பகுதிகளில் வெளியார் கார் நுழையக் கூடாது. காமிரா படம் எடுத்து, வீடு திரும்பிய பிறகு அபராதச் சீட்டு வரும். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போனோம்.

மாமிகளுக்கு ஒரு விஷயம். ஐரோப்பிய யூனியனுக்குள் பால் பண்டங்கள் கொண்டு போக அனுமதி இல்லை. நெய், பால்கோவா வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரைஸ் குக்கர் போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் திட்டத்தில் ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். முப்பது வருஷமாக விஜயவாடா வழியாகச் சென்னைக்கு ஓட்டியவன் என்ற கர்வம். என் மனைவி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, சூர்யாபேட்டையை மறந்துட்டேளா?" என்று மட்டும் கேட்டாள்.

மறக்கவில்லை. மறைத்திருந்தேன். அதற்கு முந்தைய வருஷம் ஒரு கல்யாணம் முடித்து ராத்திரி திரும்பும்போது, எதிரே வந்த வெளிச்சத்தில், ஓரமாக நின்றிருந்த லாரி என் கண்ணில் படவே இல்லை. அவள் கத்தியதால் பிரேக்கை அழுத்தினேன். ஒரு முழ தூரத்தில் நின்றது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் சொல்லவில்லை.

மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. ஜனவரியில் ஆபரேஷன் ஆயிற்று. பார்வை நன்றாக வந்தது. ஆனாலும் பட்டியலைத் திருத்தி எழுதினேன். முதல் பெயர் மாப்பிள்ளை. இரண்டாவது என் மனைவி. அறுபத்து மூன்று வயதில் அவளுக்கு ஐ.டி.பி. என்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினோம். அது ஒரு வருஷம்தான் செல்லும்; நம் லைசென்ஸ் அதற்குள் முடிந்தால் அதோடு சரி. வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரும் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. இருட்டிய பிறகு யாரும் ஓட்டுவதில்லை, ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் இல்லை என்று இரண்டு விதிகள் வைத்தோம். பிறகுதான் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் போன் போட்டு, சூர்யாபேட்டை கதையைச் சொன்னேன். "அப்பா, இதை முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா?" என்று பெண் அழுதுவிட்டாள்.

மாரேட்பள்ளி கறிகாய்க் கடைக்கு மேல் கார் ஓட்டாதவள், வலது பக்கச் சாலையில், குரோஷியக் கடற்கரை ஓரமாக ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. டிக்கெட், விசா, ஓட்டல் எல்லாம் அப்புறம். யார் ஓட்டுவது என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து உண்மையாகப் பேசிவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, விஜயவாடா போவதற்கு முன்பாவது பேசுங்கள்.