ஊசியும் ஈட்டுத்தொகையும்



தடுப்பூசி கோடிக்கணக்கானோரைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஊசியால்தான் உயிர் போயிற்று என ஒரு குடும்பம் முறையிடுமாயின், ஈடு தருவோர் யாவர்?

கோவிட் தடுப்பூசிக்குப்பின் கணவரை இழந்த பெண்மணி ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். இத்தகையோர் மிகச் சிலரே எனினும், அவர்களைக் கண்டறிந்து ஈடு வழங்க நெறிமுறை வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அந்நீதிமன்றம் 2022 செப்டம்பர் 1 அன்று ஆணையிட்டது. மூன்று திங்கள் தவணையும் குறித்தது. அவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றது. அங்கே மற்றொரு வழக்கில், அவ்வாண்டு நவம்பரில், மத்திய அரசு உரைத்தது யாது? ஊசி இட்டுக்கொண்டது அவரவர் விருப்பம். ஈடு வேண்டுவோர் உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம் என்பதே.

செல்லலாம், நெய்யாற்றின்கரையிலும் நீதிமன்றம் உண்டு. ஆனால் அங்கே பிறரது கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும். மருந்தும் பழுதின்றி, இட்டவரும் பிழையின்றித் தீங்கு நேர்ந்தால் யாரைக் குற்றஞ்சாட்டுவது? அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இம்முடிச்சை அவிழ்த்தது. ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி பெறுகின்றனர். அந்நிதியிலிருந்து, எவர் குற்றத்தையும் நாட்டாமலே ஈடு கிட்டும்.

எல்லைப்புறத்தவராகிய நமக்கு வேறோர் இடருமுண்டு. பாறசாலையில் ஊசி, களியக்காவிளை கடந்து நாகர்கோவிலில் மருத்துவம்! ஏடுகள் இரு மாநிலங்களில் சிதறிவிடும். ஆகவே, ஊசிக்குப்பின் நலங்குன்றினால் இட்ட நிலையத்திலேயே உடனே அறிவியுங்கள். சான்றிதழையும், மருந்தின் தொகுதி எண்ணையும், மருத்துவச் சீட்டுகளையும் ஒருங்கே பேணுங்கள். சமரசமாகத் தொகை பெறுவதாயினும், கையொப்பமிடுமுன் அத்தாளை வழக்குரைஞர் ஒருவர் வாசித்துப் பொருள் கூறட்டும்.