பாலும் குருதியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவனல்லன், சரக்கு ரசீதுகளோடு காலங்கழிக்கும் இரயில்வே குமாஸ்தா. ஆயினும், சோகையால் முகம் வெளிறிய பெண்டிருக்கு "இன்னும் ஒரு டம்ளர் பால் குடி" என்பதே நம் காலனியில் மருந்தாக வழங்குவதைக் கண்டு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை உண்டு.

பால் சிறந்த உணவே. ஆனால் அதில் நிரம்ப இருப்பது சுண்ணாம்புச் சத்து. குருதிக்கு வேண்டிய இரும்போ, பாலில் மிகச் சிறிதே. பசுவாயினும் எருமையாயினும் இதுவே கதை. அதுமட்டுமன்று. காலை எட்டு மணி லோக்கலை நினைத்துப் பாருங்கள். கல்யாணிலேயே வாயில் நிறைந்துவிடுவதால் டோம்பிவிலியில் நிற்பவர் ஏற இயலாது தவிக்கிறார் அல்லவா? குடலின் வாயிலிலும் ஏறத்தாழ அந்நிலையே. சுண்ணாம்பும் கேசீன் என்னும் பாற்புரதமும் முந்தி நிற்க, கீரையிலுள்ள இரும்பில் பெரும்பகுதி ஏறாமலே போய்விடுகிறது.

தாய்ப்பாலிலும் இரும்பு சிறிதே. எனினும் அச்சிறிதும் குழந்தையின் உடலில் நன்கு சேர்கிறது. ஓராண்டு நிரம்பாத மகவுக்குப் பசும்பாலையே முதன்மை உணவாக்கினால், கண்ணுக்குப் புலப்படாத குருதிக் கசிவும் குடலில் நேரலாம்.

"வெள்ளாட்டுப் பால் உகந்ததன்றோ? காந்தியடிகளே அருந்தினாரே!" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். நடந்தது வேறு. பாலே அருந்துவதில்லை என நோன்பு பூண்டிருந்த அண்ணலிடம், 1919-ல் டாக்டர் தலால், உடல் தேறப் பால் வேண்டும் என்றார். நோன்பின்போது மனத்திலிருந்தவை பசுவும் எருமையும்தாமே என்று வெள்ளாட்டுப் பாலுக்கு வழிகாட்டியவர் கஸ்தூரிபா அம்மையார். அம்மருத்துவர் பாலோடு நில்லாமல், இரும்பைத் தனியே ஊசியாகப் பரிந்துரைத்ததையும் கவனியுங்கள்!

ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தார் சோகையுற்ற எலிகளிடம் நடத்திய ஆய்வுகளில், பசும்பாலைவிட வெள்ளாட்டுப் பாலோடு இரும்பு நன்கு சேர்ந்தது மெய்யே. எலிக்குப் பொருந்தியது நமக்கும் பொருந்தும் என்று உடனே துணிதல் ஆகாது. மேலும் ஒரு குறை உண்டு. 1928-ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், இந்நகரத்து ஏழைக் கர்ப்பிணிகளின் சோகை ஈஸ்ட் சாற்றினால் தணிவதைக் கண்டு 1931-ல் வெளியிட்டார். அதில் மறைந்திருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. வெள்ளாட்டுப் பாலில் அது மிகக் குறைவு. அப்பால் ஒன்றையே ஊட்டி வளர்த்த குழந்தைகளுக்குச் சோகை வந்ததுண்டு.

ஆகவே பாலை விலக்க வேண்டா, வேளையை மாற்றுங்கள். பருப்பும் கீரையும் உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு ஏறும். உணவை ஒட்டிய காப்பியும் தேநீரும் அதற்குப் பகை. தயிர்ச்சோற்றை விடச் சொல்லமாட்டேன். சொன்னால் என் வீட்டிலேயே எனக்கு இலை விழாது! ஆனால் அதை உண்ட கையோடு இரும்பு மாத்திரையை விழுங்காதீர்கள். சோகை யாவும் இரும்புக் குறைவால் வருவனவல்ல; முதலில் குருதியைச் சோதித்தறிதல் வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இரும்பு மாத்திரையும் சுண்ணாம்பு மாத்திரையும் இலவசமாகத் தருகின்றனர். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்குதல் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.