இறங்கவும் பழகுங்கள்

நேபாளத்து மலைகளுக்கோ, மலேசியாவின் கினபாலு மலைக்கோ போக ஆசைப்படுகிறவர்கள் ஏறித்தான் பழகுகிறார்கள். இறங்கிப் பழகுவதில்லை.

ஏறும்போது மூச்சு வாங்கும். கொஞ்சம் நின்றால் அது தணிந்துவிடும். இறங்கும்போது அப்படியில்லை. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தொடைத் தசைதான் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் வரும் வலி அப்போதே தெரியாது. மறுநாள் காலையில்தான் தெரியும். இலங்கையின் சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அப்படியானால் எப்படி இறங்குவது? நம்ம மலையகத்துத் தெமோதரையில் ரயில் எப்படி இறங்குகிறது? பதுளைப் பக்கம் போகிற ரயில் நேரே கீழே பாய்வதில்லை. மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. நீங்களும் அப்படித்தான் இறங்க வேண்டும். சரிவில் வளைந்து வளைந்து, சின்னச் சின்ன அடியாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்குங்கள்.

பயணத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே தேயிலைத் தோட்டத்து ஏற்ற இறக்கங்களில் நடந்து பழகுங்கள். கொண்டுபோகப் போகிற அதே பையை மாட்டுங்கள். அதே சப்பாத்தைப் போடுங்கள். புதுச் சப்பாத்தோடு விமானம் ஏறாதீர்கள்.

இன்னொன்று. கால் நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்குமுன் சப்பாத்து நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னே சறுக்கி, விரல் நுனி சப்பாத்தில் இடிக்கும். நகம் கறுத்துப்போகும்.

ஏறப் பழகுங்கள். அதைவிட முக்கியம், இறங்கப் பழகுங்கள்.