நம் தெருப் பெயரில் ஒரு பழைய பங்களா



நம் பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? புசா ரோடு. யார் இந்தப் புசா? ஆள் அல்ல. பீகாரில் உள்ள ஒரு கிராமம்.

அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பெரிய பண்ணை இருந்தது. குதிரை வளர்த்தார்கள். 1808இல் மூர்கிராஃப்ட் என்ற கால்நடை மருத்துவர் அதைக் கவனிக்க வந்தார். பிறகு அங்கே புகையிலை பயிரானது.

1905இல் அந்தப் பண்ணையில் விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் நன்கொடை தந்தார். ஃபிப்ஸின் பெயரும் யு.எஸ்.ஏ.வும் சேர்ந்துதான் புசா ஆனது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர் பணம் தருவதற்கு நூறு வருடம் முன்பே ஊர் பெயர் புசாதான்!

ஆராய்ச்சிக்காக அங்கே ஒரு மாளிகை எழும்பியது. ஒன்பது லட்சம் ரூபாய் செலவாம். அதனால் ஜனங்கள் அதை 'நவ்லக்கா' என்றார்கள். நவ்லக்கா என்றால் ஒன்பது லட்சம். அந்தக் காலத்து ஒன்பது லட்சம், யோசித்துப் பாருங்கள்.

1934 ஜனவரி 15. மதியம் இரண்டு மணிக்கு மேல் பூமி ஆடியது. பீகாரிலும் நேபாளத்திலும் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். நவ்லக்காவும் பாழானது.

ஒன்பது லட்சம் ஏன் காப்பாற்றவில்லை? புசா, புர்ஹி கண்டக் ஆற்றுப் பக்கத்து ஊர். வண்டல் மண். பூமி குலுங்கினால் ஈரமணல் கஞ்சிபோல் இளகும். மேலே உள்ள கனம் இறங்கும், சாயும். அன்று வட பீகாரில் பல இடங்களில் நிலம் வெடித்து, மணலும் தண்ணீரும் பீறிட்டன. இன்னொன்று, செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் விரிசல் விடும். அதனால்தான் இப்போது சன்னலுக்கு மேலே, நாலு சுவரையும் சுற்றி, கம்பி போட்ட கான்கிரீட் பட்டை கட்டுகிறார்கள். பெட்டியைக் கயிற்றால் கட்டுவது போல.

டில்லியிலும் பூமி ஆடும். நம்மில் பலர் மாடிமேல் மாடி எடுக்கிறோம். கீழ்ச்சுவர் தாங்குமா, பட்டை உண்டா என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டு அப்புறம் செங்கல் இறக்குங்கள்.

1936இல் ஆராய்ச்சி நிலையம் டில்லிக்கு வந்தது. நம் ரோட்டின் மேற்குப் பக்கம் இருப்பது அதுதான். ஊரை விட்டு வந்தாலும் பெயரை விடவில்லை. கடையில் புசா பாஸ்மதி அரிசி விற்கிறார்களே, அந்தப் புசாவும் இதுதான்.