சம்பளச் சீட்டின் நடுவில் ஒரு வரி

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்து அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் சங்கச் செயலாளர். பனியையும் பாலங்களையும் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். இதே கல்லூரியில் பி.காம். படித்தவன், ஏழு மாதம் தன் சம்பளச் சீட்டைப் படிக்காமல் விட்ட கதை.

அங்கே 'சாலரி சாக்ரிஃபைஸ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. தமிழில் சொன்னால் சம்பளத் தியாகம்! தியாகி பென்ஷன் எல்லாம் கிடையாது, பயப்படாதீர்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை "எனக்கு வேண்டாம்" என்று எழுத்தில் விட்டுக்கொடுக்கிறோம். அதை முதலாளி நம் ஓய்வூதியக் கணக்கில் கட்டிவிடுவார். விட்டுக்கொடுத்த பணம் நம் சம்பளமே இல்லை என்று ஆகிவிடுவதால், அதற்கு வருமான வரியும் கிடையாது, நேஷனல் இன்ஷூரன்ஸும் கிடையாது. சைக்கிள், மின்சாரக் கார் வாங்கவும் இந்த வழி உண்டு.

2024 ஏப்ரலில் நான் சேர்ந்தேன். மாதச் சம்பளம் 3,000 பவுண்டு. அதில் 5 சதவீதம், அதாவது 150 பவுண்டு தியாகம். கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. மாதத்துக்குச் சுமார் 1,048. அதற்கு மேல் என் நிலையில் வருமான வரி 20 சதவீதம், நேஷனல் இன்ஷூரன்ஸ் 8 சதவீதம். ஆக அந்த 150-க்கு வரியில் 30, இன்ஷூரன்ஸில் 12, மொத்தம் 42 பவுண்டு மிச்சம். கையிலிருந்து குறைவது 108 மட்டும்தான்.

எனக்குக் குறைந்ததோ முழுசாக 150! நான் கவனிக்கவே இல்லை. மாதக் கடைசியில் சீட்டின் அடியில் உள்ள தொகையைப் பார்ப்பேன், ஊருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்புவேன், அவ்வளவுதான். "வெள்ளைக்காரன் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்புமா?" என்று ஒரு நினைப்பு வேறு.

அக்டோபர் முடிவில் வீட்டுக்காரி கேட்டாள், "சேர்ந்தா லாபம்னு சொன்னீங்களே, எங்கே லாபம்?" என்று. அன்றைக்கு ராத்திரி ஏழு சீட்டுகளையும் மேசையில் பரப்பினேன். நடுவில் 'டாக்ஸபிள் பே' என்று ஒரு வரி. அதில் 2,850 இருந்திருக்க வேண்டும். 3,000 இருந்தது. முழுச் சம்பளத்துக்கும் வரி பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு 150-ஐக் கழித்திருக்கிறார்கள். ஏழு மாதத்தில் 294 பவுண்டு. நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல்.

ஒன்று சொல்ல வேண்டும். 150 பிடித்தம் என்ற பத்தியில் அச்சாகியிருப்பதை மட்டும் வைத்துத் தப்பு என்று சண்டைக்குப் போகக் கூடாது. ஓய்வூதியத் திட்டங்களில் வேறு வகைகளும் உண்டு. ஒன்றில் வரிச் சலுகை மட்டும் கிடைக்கும், இன்ஷூரன்ஸ் சலுகை கிடைக்காது. இன்னொன்றில் வரிச் சலுகையை ஓய்வூதிய நிறுவனமே வாங்கி நம் கணக்கில் சேர்க்கும். எனவே முதலில் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்து, நாம் சேர்ந்தது எது என்று பார்க்க வேண்டும். என் கடிதத்தில் சம்பளம் குறைக்கப்படுகிறது என்று தெளிவாகவே இருந்தது.

சம்பளப் பிரிவில் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். வந்த இடத்தில் காசுக்கு அலைகிறான் என்று நினைப்பார்களோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் கணக்கை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். என்னோடு சேர்ந்த இன்னும் மூன்று பேருக்கும் அதே தப்பு!

நவம்பரிலேயே வரிப் பணம் 210 திரும்பிவிட்டது. அங்கே வருமான வரியை ஏப்ரல் 6 முதல் கூட்டிக்கொண்டே வந்து கணக்கிடுவதால், பழைய தப்பு அடுத்த சம்பளத்தில் தானாகவே நேராகிவிடும். வரிக் குறியீட்டின் கடைசியில் எம்1 என்று இருந்தால் மட்டும் அப்படி நடக்காது. அந்தந்த மாதம் தனிக் கணக்கு. நேஷனல் இன்ஷூரன்ஸும் அப்படித்தான், மாதா மாதம் முடிந்துபோகும். ஒவ்வொரு மாதத்தையும் தனியாகத் திருத்த வேண்டும். அந்த 84 பவுண்டை அவர்கள் மறந்தேபோனார்கள். மறுபடி எழுதிப்போட்டு, ஜனவரியில்தான் வந்தது.

நம்மில் பலர் இங்கே வாங்கிய பாரம் 16 போல, அங்கே பி60 என்று ஒரு சான்று மே 31-க்குள் தருவார்கள். அதையும் சீட்டுகளையும் தூக்கிப்போடாதீர்கள். கூடுதலாகக் கட்டிய வருமான வரியை நான்கு வருடம் வரை திருப்பிக் கேட்கலாம்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தியாகம் செய்தால் கணக்கில் சம்பளம் குறைந்துவிடும். பிரசவ கால ஊதியமும் அந்தக் குறைந்த தொகையை வைத்துத்தான். அதை முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2029 ஏப்ரலிலிருந்து வருடம் 2,000 பவுண்டு வரைதான் இந்த இன்ஷூரன்ஸ் சலுகை என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். வருடம் 1,800 கட்டும் என்னைப் போன்றவருக்கு அதனால் கவலையில்லை.

இப்போதெல்லாம் சீட்டு வந்ததும் முதலில் வீட்டுக்காரிதான் வாங்கிப் பார்க்கிறாள். அவள் தமிழ் இலக்கியம் படித்தவள். கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்த என் பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். ஐயா, மன்னியுங்கள்.